தீ எரியும் இடத்தில் கமாண்டை ஒப்படைப்பது: பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிப்பவருக்கு ஒரு பதில்

தீயணைப்புத் துறையில் பதவி உயர்வுத் தேர்வுக்குத் தயாராகும் ஒருவர் மூன்று விஷயங்கள் கேட்டிருக்கிறார். முதல் வண்டியில் வந்து கமாண்ட், அதாவது சம்பவ இடத்தின் மொத்தத் தலைமைப் பொறுப்பு, எடுத்துக்கொண்ட அலுவலர், மேலதிகாரி வந்ததும் அதை எந்த வரிசையில் ஒப்படைக்க வேண்டும்? மேலதிகாரி வந்து இறங்கினாலே கமாண்ட் அவர் கைக்குப் போய்விடுமா? வாய்மொழித் தேர்வில் தேர்வாளரே மேலதிகாரியாக நடித்து, நடுவில் புகுந்து உத்தரவு போட ஆரம்பித்தால் என்ன செய்வது? கேள்வி மூன்றானாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. தீ எரியும் இடத்தில் எந்த நொடியில் கேட்டாலும் ‘இப்போது இங்கே பொறுப்பு யார்?’ என்பதற்கு ஒரே ஒரு பெயர்தான் பதிலாக வர வேண்டும். யாருமே பொறுப்பில் இல்லாத இடைவெளியும் கூடாது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொறுப்பில் இருக்கும் குழப்பமும் கூடாது. தேர்வாளர் எந்தக் கோணத்தில் கேட்டாலும் அவர் தேடுவது அதைத்தான்.

நான் ஒப்படைக்கும் பக்கத்திலும் நின்றிருக்கிறேன், பொறுப்பேற்கும் பக்கத்திலும் நின்றிருக்கிறேன். பிற்பாடு தேர்வுக் குழுவில் உட்கார்ந்து மற்றவர்கள் ஒப்படைப்பதைக் கேட்டு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன். இதற்கு ஓர் எல்லை உண்டு. உங்கள் துறையின் எழுதப்பட்ட நடைமுறை விதி நான் சொல்வதோடு எங்கே மோதினாலும், தேர்வில் உங்கள் விதிதான் சரியான விடை. எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது எது, துறைக்குத் துறை மாறுவது எது, என் சொந்தக் கருத்து எது என்பதை முடிந்தவரை பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. இன்று உலகில் பல இடங்களில் பயன்படும் சம்பவக் கட்டளை முறை, அதாவது ஐ.சி.எஸ்., 1970இல் கலிஃபோர்னியாவில் ஏற்பட்ட பெருந்தீக்களுக்குப் பிறகு பிறந்தது. 13 நாட்களில் 16 பேர் இறந்தார்கள், சுமார் 700 கட்டடங்கள் அழிந்தன. பல துறைகள் சேர்ந்து வேலை செய்த இடங்களில் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது தெளிவாக இல்லை, வயர்லெஸ் அலைவரிசைகள் பொருந்தவில்லை, ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு சொல் இருந்தது, ஒரே அதிகாரியின் கீழ் அளவுக்கு மீறிய ஆட்கள் இருந்தார்கள். ஃபயர்ஸ்கோப் என்ற கூட்டுத் திட்டம் இவற்றைச் சரிசெய்யப் புறப்பட்டு இந்த முறையை உருவாக்கியது. 2004இல் அமெரிக்கா முழுமைக்கும் தேசிய முறையாக அது விரிந்தது. இந்த வரலாறு தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வரலாம். அதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கமாண்ட் மாற்றத்துக்கு எழுதப்பட்ட விதிகள் எல்லாம் இப்படிப்பட்ட குழப்பங்களில் இருந்து வந்தவை. அதை மனதில் வைத்துப் படித்தால் விதிகளை உருப்போட வேண்டியிருக்காது.

அந்த முறையின்படி, உயர்ந்த பதவியில் இருப்பவர் வந்து சேர்வதால் மட்டும் கமாண்ட் தானாக மாறிவிடாது. வந்தவர் நிலைமையைத் தாமே பார்க்க வேண்டும். பொறுப்பில் இருப்பவரிடம், முடிந்தால் நேருக்கு நேர், விவரம் கேட்க வேண்டும். மாற்றத்துக்கு ஏற்ற நேரம் இதுதானா என்று முடிவு செய்ய வேண்டும். பொறுப்பேற்றதை எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். அதுவரை பொறுப்பில் இருந்தவருக்கு அடுத்த வேலை கொடுக்க வேண்டும். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பொதுவான பதில் இதுதான்: வந்து இறங்கினால் போதாது, ஏற்றுக்கொண்டு அறிவித்தால்தான் மாறும். எழுத்துத் தேர்வில் ‘மூத்த அலுவலர் வந்தவுடன் கமாண்ட் தானாக அவரைச் சேரும்’ என்ற வாசகம் விடைகளில் ஒன்றாகக் கிடந்தால், பெரும்பாலும் அது தூண்டில்.

இங்கேதான் துறைக்குத் துறை வித்தியாசம் வருகிறது. சில துறைகளில் குறிப்பிட்ட பதவிக்கு மேற்பட்டவர் சம்பவ இடத்துக்கு வந்தால் கமாண்ட் எடுத்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கும். வேறு சில துறைகளில் அவர் விரும்பினால் எடுக்கலாம், இல்லாவிட்டால் இளையவரையே தொடரவிட்டுப் பக்கத்தில் நின்று உதவலாம். எடுத்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கும் இடத்திலும், விவரம் கேட்பதும் அறிவிப்பதும் ரத்தாவதில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னால் தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்: கமாண்டை எடுக்காமல் விட்டாலும் மூத்த அலுவலரின் நிர்வாகப் பொறுப்பு பல துறைகளில் போய்விடுவதில்லை. ‘நான் கமாண்டில் இல்லை, அதனால் எனக்குச் சம்பந்தமில்லை’ என்று அவரால் பிறகு சொல்ல முடியாது.

பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றை இப்போதே தீர்த்துவிடலாம். முதலில் வந்த அலுவலர் தாமே குழுவோடு உள்ளே போனால்தான் ஓர் உயிரைக் காப்பாற்ற முடியும் என்ற நிலையில், கமாண்டை அடுத்து வரும் வண்டிக்குக் கைமாற்றி விடுவது ஒன்று. நடந்துகொண்டிருக்கும் கமாண்டை விவரம் சொல்லி ஒப்படைப்பது வேறொன்று. முதலாவதற்குக் கட்டுப்பாடு கடுமை. அதை ஒரு முறைதான் செய்யலாம் என்று பல துறைகள் விதித்திருக்கின்றன. அதுவும் சம்பவ இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்ட, அல்லது கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வந்துகொண்டிருக்கிற வண்டிக்குத்தான். பாதி வழியில் இருக்கும் வண்டிக்கு வயர்லெஸ்ஸில் ‘கமாண்ட் உங்களுக்கு’ என்று சொல்லிவிட்டு உள்ளே போனால், அந்த வண்டி வந்து சேரும்வரை வெளியே கமாண்ட் என்று ஒருவரும் இல்லை. உள்ளே இருப்பவர் உதவி கேட்டுக் கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

இனி, எந்த வரிசையில் சொல்வது. கையேடுகள் பொதுவாகக் காட்டும் வரிசை: நிலைமை என்ன, என்ன செய்துகொண்டிருக்கிறோம், என்ன தேவை. கட்டடம், தீயின் இடம், எடுத்த நடவடிக்கை, வந்த வண்டிகள், வரவேண்டிய வண்டிகள், பாதுகாப்பு என்று அது விரியும். இதில் குறை சொல்ல எதுவுமில்லை. மதிப்பெண் தாளில் இந்தத் தலைப்புகள்தான் வரிசையாக இருக்கும், எதை முன்னால் சொன்னாலும் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் விழும். ஆனால் எனக்கென்று ஒரு கருத்து உண்டு. உள்ளே இருக்கும் ஆட்களை முதல் அரை நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். எத்தனை பேர், எந்தத் தளத்தில், என்ன வேலையில், எப்போது உள்ளே போனார்கள். காரணம் எளிது. விவரம் சொல்லும்போது நடுவில் ஏதாவது குறுக்கிடும். வயர்லெஸ் கூப்பிடும், வீட்டுக்காரர் ஓடி வருவார், கண்ணாடி உடையும். பேச்சு எந்த இடத்தில் அறுந்தாலும் அதற்குமுன் வந்தவர் காதில் விழுந்திருக்க வேண்டியது எது என்று யோசித்துப் பாருங்கள். கட்டடத்தின் தளங்களை அவர் கண்ணால் எண்ணிக்கொள்வார். உள்ளே இருக்கும் ஏழு பேரை அவர் கண்ணால் பார்க்க முடியாது.

அந்த ‘எப்போது உள்ளே போனார்கள்’ என்பதைப் பெரும்பாலான தேர்வர்கள் விட்டுவிடுகிறார்கள். சற்று நின்று சொல்ல வேண்டிய விஷயம் இது. 30 நிமிடம் என்று எழுதியிருக்கும் பி.ஏ. சிலிண்டர், அதாவது புகைக்குள் மூச்சுவிட முதுகில் சுமக்கும் காற்று உருளை, கடும் உழைப்பில் 20 நிமிடத்துக்குள்ளேயே தீரக்கூடும். ஆளின் உடல்வாகு, பதற்றம், படியேறிய தளங்கள் எல்லாம் அதைக் குறைக்கும். நான் பார்த்தவரை, மேலதிகாரி வந்து கமாண்ட் கைமாறுவது பல நேரம் முதல் குழு உள்ளே போய்ப் பத்து, பதினைந்து நிமிடம் ஆன சமயத்தில்தான். அதாவது முதல் குழுவின் காற்று தீரும் நேரமும் கமாண்ட் மாறும் நேரமும் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுகின்றன. பழையவர் மனதில் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைச் சொல்லாமல் ஒப்படைத்தால், புதியவர் மனதில் அது பூஜ்யத்தில் இருந்து தொடங்கும். கருவியின் எச்சரிக்கை மணி இருக்கிறதே என்று கேட்கலாம். மணி அடிக்கும்போது அவர்கள் வாசலில் இருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறார்கள் என்பது மணிக்குத் தெரியாது. மாற்றுக் குழுவை அதற்கு முன்பே வாசலில் தயாராக நிறுத்துவது கமாண்டில் இருப்பவரின் வேலை.

நேரத்தைப் பற்றி இன்னொரு உறுதியான தகவல். அமெரிக்காவின் யு.எல். ஆய்வுக்கூடம் இக்காலத்து அறைகலன்கள் நிரப்பிய அறையையும் பழைய காலத்து அறைகலன்கள் நிரப்பிய அறையையும் எரித்து ஒப்பிட்டது. இக்காலத்து அறை 5 நிமிடத்துக்குள் முழுவதும் பற்றிக்கொள்ளும் நிலைக்குப் போனது. பழைய வகை அறைக்கு 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. சோதனைக் கூடத்து அளவு எல்லாக் கட்டடத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நீங்கள் ஐந்து நிமிடம் நின்று விவரம் சொல்லிக்கொண்டிருந்தால், சொல்லி முடிக்கும்போது நீங்கள் வர்ணித்த தீ அங்கே இருக்காது. ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவு என் பழக்கத்தில் வந்தது, எழுதப்பட்ட விதி இல்லை.

ஒரு மாதிரி சொல்கிறேன். மூன்று தளக் குடியிருப்பு, இரண்டாம் தளத்தில் தீ என்று கேள்வி வைத்துக்கொள்வோம். மேலதிகாரி வண்டியை விட்டு இறங்கிக் கமாண்ட் இடத்துக்கு வருகிறார். நான் கேட்க விரும்பும் ஒப்படைப்பு கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: “சார், உள்ளே 7 பேர் இருக்காங்க. முதல் வண்டி ஆட்கள் 3 பேர் இரண்டாம் தளத்துல ஹோஸோட அடிச்சுட்டு இருக்காங்க, போய் 13 நிமிஷம் ஆச்சு. இரண்டாவது வண்டி ஆட்கள் 4 பேர் மூணாம் தளத்துல தேடுறாங்க, போய் 6 நிமிஷம். மாடிப்படி ஒண்ணுதான், வலது பக்கம். தீ இரண்டாம் தளத்துல பின்பக்க மூலை அறை. நான் வரும்போது ஜன்னல்ல கறுப்புப் புகை வேகமா தள்ளிட்டு இருந்துச்சு, இப்ப அங்க வெளுத்துருச்சு. ஆனா மூணாம் தளத்து ஜன்னல் மேல்விளிம்புல புகை புதுசா வருது, ரெண்டு நிமிஷமாத்தான் பார்க்கறேன். உள்ளே போய் அணைக்கிற திட்டம்தான். இரண்டாம் தளம் தேடி முடிச்சாச்சு, யாரும் இல்ல. மூணாம் தளம் முடியல. பெரியவர் ஒருத்தர் மேல இருக்கலாம்னு பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க, உறுதியா தெரியல. கரண்ட் கட் பண்ணச் சொல்லியாச்சு, பண்ணிட்டோம்னு பதில் வரல. பின்பக்கம் நான் ஒரு தடவைதான் பார்த்தேன், வந்த உடனே. மீட்புக்குன்னு தனிக் குழு இன்னும் போடல, ஆள் இல்ல. மூணாவது வண்டி வந்ததும் அதுக்குத்தான் வெச்சிருந்தேன். அடுத்து முதல் குழுவை வெளிய எடுத்து மாத்தணும்.”

இதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். தீ எப்படி இருக்கிறது என்பதோடு, எப்படி இருந்தது என்பதும் வருகிறது. வந்தவர் இப்போதைய காட்சியைத்தான் பார்ப்பார். நிலைமை நல்ல திசையில் போகிறதா, கெட்ட திசையில் போகிறதா என்பது ஆரம்பத்தில் இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். புகை வெளுத்தது நல்ல செய்தி, மேல் தளத்தில் புதிதாக வருவது கெட்ட செய்தி. இரண்டும் சேர்ந்தால்தான் தீ சுவரின் உள்ளிடைவெளி வழியாகவோ படி வழியாகவோ மேலே ஏறியிருக்கலாம் என்ற சந்தேகம் அவருக்கு எழும். அடுத்தது, பார்த்ததும் கேள்விப்பட்டதும் தனித்தனியாக நிற்கின்றன. ‘மேலே ஒரு பெரியவர் மாட்டியிருக்கிறார்’ என்று சொல்லியிருந்தால், அடுத்த ஐந்து நிமிடத்து முடிவுகள் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரரின் ஊகத்தின்மேல் ஏறி நின்றிருக்கும்.

மூன்றாவதுதான் தேர்வில் ஆளைப் பிரித்துக்காட்டும் இடம்: செய்யாததைச் சொல்வது. மின்சாரத்துக்குப் பதில் வரவில்லை, பின்பக்கம் மறுபடி பார்க்கவில்லை, உள்ளே நம் ஆட்களே சிக்கினால் போய் எடுக்க வேண்டிய மீட்புக் குழு போடவில்லை. தேர்வில் உட்கார்ந்திருப்பவர் இயல்பாகவே தான் செய்ததை அடுக்கத்தான் ஆசைப்படுவார். விட்டுப்போனதைச் சொன்னால் மதிப்பெண் குறையும் என்று பயப்படுவார். நடப்பது நேர்மாறு. கொடுத்த உத்தரவு ஒன்று, நிறைவேறியதாக வந்த பதில் வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருப்பவை ஒப்படைப்பில்தான் தொலைந்துபோகும். பழையவர் ‘சொல்லியாச்சு’ என்று நினைத்து மறந்துவிடுவார், புதியவருக்கு அப்படி ஓர் உத்தரவு போனதே தெரியாது. மின்சாரம் துண்டிக்கப்பட்டதா என்று யாரும் கேட்காமலே போய்விடும்.

வந்தவர் பக்கமும் கேள்வி வரலாம்: ‘நீங்கள்தான் பொறுப்பேற்பவர், என்ன செய்வீர்கள்?’ கேட்டுத் தலையாட்டினால் போதாது. முக்கியமானவற்றைத் திருப்பிச் சொல்லுங்கள்: “7 பேர், மூணு பேர் இரண்டாம் தளம், நாலு பேர் மூணாம் தளம், கரண்ட் உறுதியில்ல, மீட்புக் குழு இல்ல. சரியா?” பிறகு ஒன்றிரண்டு கேள்வி கேளுங்கள். நான் எப்போதும் கேட்பது: ‘உங்களுக்கு எது உறுத்துது?’ வரிசைப்பட்டியலில் அடங்காத ஏதோ ஒன்று முதல் அலுவலரின் மனதில் இருக்கும். தரை மெத்தென்று இருப்பதாக உள்ளே இருந்து ஒருவர் சொன்னது, தண்ணீர் அழுத்தம் ஒரு முறை குறைந்து மறுபடி வந்தது, இப்படி எதுவாகவும் இருக்கலாம். கேட்டால்தான் வெளியே வரும். பிறகு வாய்ப்பிருந்தால் கட்டடத்தை நீங்களே ஒரு பார்வை பாருங்கள். சுற்றிவர முடியாவிட்டால் பின்பக்கத்துக்கு ஓர் ஆளை அனுப்பி நிலைமையைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து அறிவிப்பு. ஒப்படைப்பு எந்த நொடியில் முடிகிறது என்று கேட்டால், பேச்சு முடிந்ததும் என்று சொல்லாதீர்கள். வயர்லெஸ்ஸில் அறிவித்து, கட்டுப்பாட்டு அறை அதை ஏற்றுப் பதில் சொன்னதும்தான். அதுவரை பழையவர்தான் பொறுப்பு. வழக்கமான அறிவிப்பு சுருக்கமாக இருக்கும்: யார் பொறுப்பேற்கிறார், திட்டம் மாறுகிறதா இல்லையா, நிலைமை என்ன. கமாண்டுக்கு வைத்த அழைப்புப் பெயர் மட்டும் மாறக்கூடாது. சம்பவ இடத்தின் பெயரை வைத்து ‘வடக்குத் தெரு கமாண்ட்’ என்று தொடங்கியிருந்தால், ஆள் மாறினாலும் பெயர் அதுவேதான். உள்ளே புகையில் மண்டியிட்டிருப்பவர் யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்க வேண்டிய நிலை வரக்கூடாது. அறிவித்த கையோடு எல்லாக் குழுக்களிடமும் ஆள் சரிபார்ப்பு கேட்டுவிடுவது நல்லது. உள்ளே எத்தனை பேர் என்று புதியவரின் தாளில் இருக்கும் எண்ணிக்கை உண்மையோடு ஒத்துப்போகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். புதிய குரலும் எல்லோர் காதிலும் பதிந்துவிடும். எல்லாத் துறைகளும் இதைக் கட்டாயமாக்கவில்லை. தேர்வில் சொல்லுங்கள், யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்கள்.

பொறுப்பேற்ற உடனேயே திட்டத்தை மாற்றலாமா? உடனடி ஆபத்து தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். கட்டடம் சாயும் அறிகுறி தெரிந்தால் முதல் வார்த்தையே ‘எல்லோரும் வெளியே’ என்பதுதான். அது இல்லாதபோது, ஆளும் திட்டமும் ஒரே நேரத்தில் மாறுவதைத் தவிர்ப்பது நல்லது என்பது என் எண்ணம். உள்ளே போய் அணைப்பதில் இருந்து வெளியே நின்று அணைப்பதற்கு மாறும்போது, வெளியில் இருந்து அடிக்கும் தண்ணீர் இன்னும் வெளியே வராத குழுவின்மேல் விழும் அபாயம் உண்டு. அந்த மாற்றத்தை முழுக் கவனத்தோடு, ஆட்களை எண்ணி வெளியே எடுத்த பிறகுதான் செய்ய வேண்டும். ஒப்படைப்பின் நடுவில் கவனம் பாதியாக இருக்கும்போது செய்யக்கூடாது.

நேருக்கு நேர் ஒப்படைப்பதுதான் சிறந்தது என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பொறியில் விழுகிறவர்கள் உண்டு. முதல் அலுவலர் குழுவோடு உள்ளே தீயை அடித்துக்கொண்டிருக்கிறார், இரண்டாவது அலுவலர் வந்துவிட்டார். ‘நேருக்கு நேர் விவரம் சொல்ல முதல் அலுவலர் வெளியே வருவார்’ என்று எழுதினால் தவறு. குழுவை அலுவலர் இல்லாமல் உள்ளே விட்டுவிட்டு வருகிறார் என்று ஆகிவிடும். அங்கே வயர்லெஸ்தான். எங்கே இருக்கிறேன், என்ன செய்கிறேன், என்ன வேண்டும் என்று மூன்று வாக்கியம் உள்ளிருந்து வரும். வெளியே நிற்பவர் தாம் பார்ப்பதை அதோடு பொருத்திக் கமாண்ட் எடுத்துக்கொள்வார். உள்ளிருந்து ‘கொஞ்சம்தான், அடக்கிருவோம்’ என்று குரல் வரும்போது வெளியே கூரை விளிம்பு முழுக்கப் புகை வந்துகொண்டிருந்தால், அந்தப் பொருத்தமின்மையே ஒரு தகவல்.

உள்ளே தீயணைப்பாளர் ஒருவர் சிக்கி, மேடே என்ற உயிராபத்து அழைப்பு வயர்லெஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும்போது கமாண்ட் மாற்றலாமா என்பதில் அனுபவசாலிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. இன்னும் அனுபவம் உள்ளவர் எடுத்துக்கொள்வதே நல்லது என்பவர்கள் உண்டு. சிக்கியவரோடு பேசிக்கொண்டிருக்கும் குரலை நடுவில் மாற்றக்கூடாது என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம். மேடே முடியும்வரை கமாண்ட் பழையவரிடமே இருக்கட்டும். மூத்தவர் பக்கத்தில் நின்று தீயணைப்பையோ மீட்பையோ தனியாக எடுத்து அவர் சுமையைக் குறைக்கட்டும். பொறுப்பில் இருப்பவர் தடுமாறி நிற்கிறார் என்றால் மட்டும் விதிவிலக்கு. தேர்வில் எந்தப் பக்கம் எடுத்தாலும் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், மதிப்பெண் அதற்குத்தான்.

இரட்டைத் தலைமை என்ன செய்யும் என்பதற்குத் தேர்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது சார்ல்ஸ்டன். 2007 ஜூன் 18 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் சோஃபா கடை ஒன்றில் பிடித்த தீயில் 9 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். பல காரணங்கள் சேர்ந்த சம்பவம் அது. அவற்றில் ஒன்றாகச் சம்பவக் கட்டளை முறையின் பலவீனத்தை ஆய்வுகள் பதிவு செய்தன. யார்னெல் ஹில் காட்டுத்தீயையும் சிலர் ஒப்படைப்புக்கு உதாரணமாகச் சொல்வார்கள். 2013 ஜூன் 30 அன்று அரிசோனாவில் 19 வீரர்கள் இறந்த அன்று காலையில், கமாண்ட் ஒரு பெரிய நிர்வாகக் குழுவுக்குக் கைமாறியிருந்தது. அது உண்மை. ஆனால் அந்த மாற்றமே சாவுக்குக் காரணம் என்று தேர்வில் சொல்லாதீர்கள், அப்படி நிறுவப்படவில்லை. பிற்பகலில் புயற்காற்று திசையைத் திருப்பியதும் தீ அவர்களை மடக்கியதும்தான் உறுதியாகத் தெரிந்தவை. கமாண்ட் கைமாறும் நேரம் கூடுதல் கவனம் வேண்டிய நேரம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் உங்கள் பதில் அசையாது.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. தேர்வாளர் மேலதிகாரியாக நடித்து, விவரம் எதுவும் கேட்காமல், “அந்த ரெண்டாவது குழுவைக் கீழே வரச்சொல்லு, ஹோஸை முன்பக்கம் மாத்து” என்று ஆரம்பிக்கிறார். இரண்டு விதமாகத் தவறுபவர்கள் உண்டு. ஒருவர் ‘சரி சார்’ என்று உடனே செய்யத் தொடங்குவார், யார் கமாண்ட் என்பது அங்கேயே கரைந்துவிடும். இன்னொருவர் ‘இன்னும் நான்தான் கமாண்ட்’ என்று விதி பேசுவார், சண்டையாகிவிடும். நான் முழு மதிப்பெண் போடுவது இந்த மாதிரிப் பதிலுக்கு: “சார், நீங்க கமாண்ட் எடுத்துக்கறீங்களா? எடுத்துக்கறீங்கன்னா ஒரு நிமிஷத்துல விவரம் சொல்லிடறேன். ரெண்டாவது குழு மூணாம் தளத்துல தேடிட்டு இருக்காங்க, அதை முதல்ல தெரிஞ்சுக்கோங்க.” மரியாதை இருக்கிறது. பொறுப்பு யாருடையது என்ற கேள்வி வெளிப்படையாக மேஜைமேல் வந்துவிடுகிறது. அவருடைய உத்தரவால் பாதிக்கப்படும் ஆட்களைப் பற்றிய தகவல் அந்த வாக்கியத்திலேயே அவருக்குப் போய்விடுகிறது. அவர் ‘இல்லை, நீயே தொடர்ந்து பாரு’ என்றால், அவர் சொல்வது யோசனை, முடிவு உங்களுடையது. ‘நான் எடுத்துக்கறேன்’ என்றால் விவரம் சொல்லுங்கள், அறிவிப்பு போகட்டும், அதன்பிறகு அவருடைய உத்தரவை நிறைவேற்றுங்கள். ஒன்று மட்டும் இதற்கு அப்பாற்பட்டது: உயிருக்கு உடனடி ஆபத்தைப் பார்த்து அவர் ‘நிறுத்து’ என்று கத்தினால் பதவி, கமாண்ட் எதுவும் பார்க்காமல் நிறுத்த வேண்டும். அந்தச் சொல்லை அங்கே நிற்கும் கடைசித் தீயணைப்பாளர் சொன்னாலும் அப்படித்தான்.

ஒப்படைத்தவரை என்ன செய்வது என்பதைப் பலர் சொல்ல மறக்கிறார்கள். அந்தத் தீயைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அவர்தான், அவரை ஓரமாக நிற்க வைக்கக்கூடாது. தீயணைப்புப் பணியை நடத்தும் பொறுப்பிலோ, ஒரு பக்கத்துக்கோ தளத்துக்கோ பொறுப்பாளராகவோ, கமாண்ட் மேஜையில் பதிவு பார்ப்பவராகவோ வைத்துக்கொள்ளலாம். வண்டிகள் கூடும்போது இது இன்னும் அவசியம். ஒருவர் நேரடியாக மேற்பார்க்கக்கூடியது 3 முதல் 7 பேர் அல்லது குழுக்கள், ஐந்து என்றால் சௌகரியம் என்பது இந்த முறையின் அளவுகோல். அதைத் தாண்டினால் பிரித்துத்தான் ஆக வேண்டும், பிரித்துக் கொடுக்க முதல் அலுவலரைவிடப் பொருத்தமானவர் அங்கே இருக்க மாட்டார்.

நீண்ட நேரம் ஓடும் சம்பவத்துக்கு ஐ.சி.எஸ். 201 என்ற படிவம் உண்டு. வரைபடம், நிலைமைச் சுருக்கம், நோக்கங்கள், எடுத்த நடவடிக்கைகள் நேரத்தோடு, யார் எந்தப் பொறுப்பில், எந்த வண்டி எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒப்படைப்புக்கான படிவம் எது என்று கேட்டால் இதன் எண்ணைச் சொல்லுங்கள். சின்னத் தீயில் யாரும் அதை நிரப்பிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு அட்டையில் கட்டடத்தின் கட்டம் போட்டு, குழுக்களின் பெயரும் உள்ளே போன நேரமும் எழுதி வைத்தால், ஒப்படைக்கும்போது அதைக் கையில் கொடுத்துவிடலாம்.

இறங்குமுகமான ஒப்படைப்பும் உண்டு, அதையும் படித்துவிட்டுப் போங்கள். தீ அடங்கியதும் மேலதிகாரி கமாண்டை மறுபடி நிலைய அலுவலரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புவார். அப்போது எல்லோரும் களைத்திருப்பார்கள், விவரம் ‘பார்த்துக்கோப்பா’ என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனால் எரிந்த இடத்தைக் கிளறி அணைக்கும் அந்தக் கட்டத்திலும் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வலுவிழந்த தரை இருக்கிறது, மறுபடி பற்றும் கங்கு இருக்கிறது. எந்த மூலை இன்னும் கிளறப்படவில்லை, எந்த அறைக்குள் யாரும் போகக்கூடாது, காற்றை அளந்து பார்த்தாயிற்றா, எத்தனை பேர் மிச்சம் என்று அதே ஒழுங்கோடு சொல்லி, அதே மாதிரி வயர்லெஸ்ஸில் அறிவிக்க வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு யோசனை. கூடப் படிக்கும் ஒருவரை எதிரில் உட்கார வைத்து, ஏதாவது ஒரு கட்டடத்தின் படத்தைப் பார்த்து ஒப்படைத்துப் பழகுங்கள். நீங்கள் பேச ஆரம்பித்து 20ஆவது நொடியில் ஒரு முறை, 50ஆவது நொடியில் ஒரு முறை அவர் குறுக்கே பேசட்டும். முடிந்ததும் நீங்கள் சொன்னதை நினைவில் இருந்து அவர் எழுதட்டும். அவர் தாளில் ஆட்களின் எண்ணிக்கையும் இடமும் உள்ளே போன நேரமும் சரியாக இருந்தால், மற்ற விவரங்களுக்குப் போங்கள். தப்பாக இருந்தால், அடுத்த படத்தை எடுப்பதற்கு முன் அந்த மூன்றை மட்டும் மறுபடி சொல்லிப் பாருங்கள்.